பார்க்கக் கூடாத கட்டம்

அந்தக் கட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று செண்பகவல்லி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன மறுகணமே கண் அங்கே போகப் பார்த்தது. அதை இழுத்துவந்து பலகையின் எதிர்மூலையில், ஒன்றுக்கும் உதவாமல் நின்றிருந்த தன் யானையின் மேல் உட்கார வைத்தாள். யானை என்றுதான் பேர். பார்க்கச் சின்னக் கொத்தளம் மாதிரி இருக்கும். அதன் தலையில் ஒரு பல் உடைந்திருந்தது. இந்த உடைந்த பல்லையே பார்த்துக்கொண்டிருக்கலாம். எத்தனை நேரம் பார்ப்பது? எதிரே இருப்பவர் பலகையை மட்டும் பார்ப்பவர் என்றால் பரவாயில்லை. இவர் இருபத்து நான்கு வருஷமாக அவளைப் பார்த்துக்கொண்டிருப்பவர். உப்பு குறைந்தால் அவள் எந்தப் பக்கம் தலையைச் சாய்ப்பாள் என்று தெரிந்தவர். ஒரு கட்டத்துக்குப் பயந்தால் அதை விட்டு அவள் கண் எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடும் என்பதும் தெரிந்தவர். ஒரு ரயில் பயணத்தில் அவரே சொல்லியிருக்கிறார். "உன் கண்ணு எங்க இருக்கோ அதுக்கு நேர் எதிர்ல தேடினாப் போதும், கேட்டியா. திருடன் அங்கதான் ஒளிஞ்சிருப்பான்." அப்படியானால் எதிர்மூலையையும் பார்க்கக் கூடாது. நடுவில் பார்க்க வேண்டும். நடுவில் பார்த்தால் ஓரக்கண்ணில் அந்தக் குதிரை படுகிறது.

அவருடைய வெள்ளைக் குதிரை. முன்னால் பாய்வதற்கு அதற்கு இடங்கள் இருந்தன. எங்கே பாய்ந்தாலும் அவளிடம் பதில் இருந்தது. பின்னால் போனால், ஆட்டம் தொடங்கியபோது நின்ற அதே கட்டத்துக்குத் திரும்பிப் போனால், பதில் இல்லை. குதிரை விலகிய வழியாக அவருடைய ராணி சாய்வாக வந்து அவள் ராஜாவின் வாசலில் நிற்பாள். அவள் கைவசம் வைத்திருந்த ஒரே எதிரடியை, வீடு திரும்பிய அந்தக் குதிரை நின்ற இடத்திலிருந்தே தடுத்துவிடும். அதற்கப்புறம் நாலு நகர்த்தல், ஐந்து நகர்த்தல், அவ்வளவுதான். தன் முறையை ஆடிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தி, தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். குனிந்தவளுக்கு நிமிர மனம் வரவில்லை. பாட்டில் மூடியைத் திறந்து, மூடி, திறந்து, ஒரு வாய் குடித்து, முகத்தில் ஒன்றும் இல்லாமல் மேலே வந்தாள். அது நடந்து இருபது நிமிஷம் இருக்கும். அவர் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது அவர் கையில் இருந்த பஸ் டிக்கெட்டில் தெரிந்தது. ஒன்றும் புலப்படாதபோது அவர் பஸ் டிக்கெட்டை மடிப்பார். பாதியாக, கால்பங்காக, அரைக்கால் பங்காக. இப்போது அது மிளகு அளவுக்கு வந்திருந்தது. ஏதாவது நல்லதாகத் தென்பட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைப்பார். அவள் கணவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ரகசியங்களில் இது ஒன்று. இதை அவள் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் கழற்றுவதை நிறுத்திவிடுவார்.

பின்னால் போகும் குதிரை யார் கண்ணுக்கும் சீக்கிரம் படாது. அதுவும் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. அத்தனை தூரம் வந்துவிட்டு யாராவது திரும்பிப் போவார்களா என்று மனம் அந்தப் பக்கத்தைத் தானாக அடைத்துவிடுகிறது. இவர் பார்க்க மாட்டார். பார்க்க மாட்டார் என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு நிம்மதி. அதன் பின்னாலேயே வெட்கம். நிம்மதி தேசிய சாம்பியனுடையது, வெட்கம் தாணுமாலயன் பெண்டாட்டியுடையது என்று பிரித்துப் பார்த்தாள். அப்படிப் பிரிக்க வரவில்லை. இரண்டும் ஒரே விலாவுக்கடியில்தான் இருந்தன.

ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாநிலச் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. பந்தி மேசைகளை வரிசையாகப் போட்டு, மேலே வெள்ளைக் காகிதம் விரித்து, அதன்மேல் பலகைகளை வைத்திருந்தார்கள். காகிதச் சுருள் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வாங்கியதுதான். மேடையில் முந்தாநாள் மாப்பிள்ளையின் பெயர் தெர்மகோல் எழுத்தில் பாதி உரிந்து நின்றது. பொண்ணு பெயர் முழுசாக இருந்தது. நாலு மணிக்கு மண்டபத்தை விட்டுவிட வேண்டும், சாயங்காலம் வரவேற்பு இருக்கிறது. இப்போதே இரண்டு பேர் குலையோடு ஒரு வாழை மரத்தைத் தூக்கிக்கொண்டு, சத்தம் போடக் கூடாதென்று சொல்லியிருந்ததால், திருடிக்கொண்டு போகிறவர்கள் போல நுனிக்காலில் நடந்தார்கள். சமையல்கட்டில் இருந்து பெருங்காய வாசனை வந்தது. அவருக்குப் பசிக்கும். காலையில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். அறிவிப்புப் பலகையில் யாருக்கு யார் என்று அட்டை ஒட்டியதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு மூன்றாவது இட்லி இறங்கவில்லை. நடுவர் ஜெபராஜ் இவர்கள் சாப்பிட்ட மேசைக்கே வந்து கையைப் பிசைந்தார். "அட்டை வரிசைப்படி விழுந்தது அக்கா. நான் ஒண்ணும் பண்ணல." இவர் சிரித்தார். "நீ பண்ணினேன்னு யாருடே சொன்னா? இருபத்து நாலு வருஷம் முன்னாடியே விழுந்த அட்டை." பக்கத்து மேசையில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த மதுரைக்காரர் விடவில்லை. "வீட்லயே பேசி முடிச்சுட்டு வந்திருப்பீகளே அண்ணாச்சி." அதற்கும் இவர் கோபப்படவில்லை. "வீட்ல நான் என்னைக்கு ஜெயிச்சேன்? அதான் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் மதுரைக்காரர் சொன்னது முள்ளாக ஏறிவிட்டது. நாலு பேர் தேசியப் போட்டிக்குப் போகலாம். மூன்று இடம் நேற்றே முடிந்தது. மிச்சம் இருக்கும் ஒன்றுக்கு இவர்கள் இரண்டு பேர். இவர் ஜெயித்தால் இவர் போவார். வேறு என்ன ஆனாலும், டிரா ஆனாலும், அவள் போவாள். அவள் பெண்கள் பிரிவில் பதினோரு தடவை போனவள், மூன்று தடவை பட்டத்தோடு வந்தவள். ஆண்கள், பெண்கள் என்று பிரிக்காத பொதுப் போட்டிக்கு ஒரு தடவையும் போனதில்லை. நாற்பத்தாறு வயதில் அது ஒன்றுதான் பாக்கி. அது வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் பொய். இவர் எந்தப் போட்டிக்கும் போனதில்லை. அதாவது, கல்யாணத்துக்கு அப்புறம் அவள் போன எல்லாத் தடவையும் அவளோடு போயிருக்கிறார். பிளாஸ்க், பை, போர்வை, ஊறுகாய் பாட்டில், வலிக்குத் தடவும் தைலம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு. ஆட்டக்காரராக ஒரு தடவையும் இல்லை. மூன்று வருஷம் ஐந்தாவதாக வந்தார். ஐந்தாவதாக வந்தவருக்கு ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். மூன்று கடிகாரமும் வீட்டில் மூன்று விதமாக மணி காட்டும். போன வாரம் துணி மடித்துக்கொண்டே சொன்னார். "இந்த வருஷத்தோட போதும் வல்லி. கண்ணும் மங்குது, அரை மணிக்கு மேல உட்கார்ந்தா இடுப்பும் கேக்க மாட்டேங்கு. அடுத்த வருஷம் உன் பையை மட்டும் தூக்கிட்டு வாறேன்." அதைச் சோகமாகச் சொல்லவில்லை. சட்டையின் கையை மடக்குகிற கவனத்தோடு சொன்னார். அதுதான் அவளைத் தூங்கவிடாமல் பண்ணியது.

கை காதுக்குப் போகிறதா? இல்லை, மடியில்தான் இருந்தது. அது இன்னொரு ஆபத்து. கலங்கினால் அவள் இடது கை தோட்டின் திருகாணியைத் திருகும். மகள் கோமதிதான் கண்டுபிடித்தாள், எட்டு வயதில். "அப்பா, அம்மா காதுல ரேடியோ வச்சிருக்கா, ஸ்டேஷன் மாத்துறா." அதிலிருந்து வீட்டில் அவள் கை காதுக்குப் போனாலே அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கோமதிக்கு இந்த ஆட்டம் பிடிக்காது. வாலிபால் ஆடுகிறாள். பந்து விழுந்தால் சத்தம் கேட்க வேண்டும் அவளுக்கு. நேற்று விடுதியிலிருந்து போனில், "உங்க ரெண்டு பேருக்குள்ள விழுந்தா யாரு ஜெயிச்சாலும் சரி, அன்னைக்கு ராத்திரி அப்பா சமையல்தானே? பாவம்மா அப்பா, தோத்துட்டு எப்படிச் சப்பாத்தி தேய்ப்பாரு?" என்றாள். வாய்க்கு வந்ததைச் சொல்கிற பெண். நாக்கில் சனி. இல்லை, சனி இல்லை. அவள் சொன்னபோது அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே சிரித்தாரே. தோற்றுவிட்டுத் தேய்த்த சப்பாத்திகளை அவளும்தான் சாப்பிட்டிருக்கிறாள். எல்லாம் வட்டமாகவே இருந்தன.

கோவில்பட்டியில் அவள் அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தார். ஆலைக்குள்ளே மனமகிழ் மன்றம் என்று ஒரு தகரக் கூரை. தூக்குவாளியில் சோறு கொண்டுபோனால் அப்பா வரும்வரை அங்கே நிற்க வேண்டும். பதினோரு வயது. எண்ணெய்க் கையோடு இரண்டு பேர் உட்கார்ந்து மரக்காய்களை நகர்த்திக்கொண்டிருப்பார்கள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவள் கேட்கவும் இல்லை. ஒரு மத்தியானம் சங்கு ஊதியது. ஒருத்தர் பாதி ஆட்டத்தில் எழுந்து ஓடினார். மற்றவர் தறுதலைப்பயல் என்று திட்டிக்கொண்டு காய்களைக் கலைக்கப் போனபோது, அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் காலி ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். ஓடியவருடைய ஆட்டம் தோற்கிற ஆட்டம். அதை அவள் ஜெயித்தாள். அப்பா வந்து தோளைத் தொடும்வரை சோறு ஆறிக்கொண்டிருந்தது தெரியாது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஸ்டூலில் ஏறியதன் பாக்கிதான் என்று அவளுக்குத் தோன்றும். பத்தொன்பது வயதில் வடக்கே ஒரு ஊரில், தை மாதக் குளிரில், வேறொரு பெண்ணின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தேசியப் பட்டம். ஸ்வெட்டர் கை நீளம், காயை எடுக்கும்போது பக்கத்துக் காயில் இடிக்கும் என்று பயந்து மடக்கி மடக்கி விட்டது ஞாபகம் இருக்கிறது. பட்டம் கொடுத்தவருடைய முகம் ஞாபகம் இல்லை. பிறகு வங்கி வேலை. கவுன்டரில் அவளைப் பார்த்து, "நீங்கதான அந்தத் தாயக்கட்டை ஆடுறவங்க?" என்று கேட்ட பெரியவருக்கு ஆமாம் என்று சொன்னது. இருபத்தைந்தில் இரண்டாவது பட்டம், வயிற்றில் கோமதி மூன்று மாதம். எந்த ஆட்டத்தில் வாந்தி வரும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, எழுந்து ஓடி வந்தால் முகர்வதற்கு வாசலில் எலுமிச்சம்பழத்தோடு இவர் நின்றது. முப்பத்தொன்றில் மூன்றாவது. அப்புறம் சின்னப் பெண்கள் வந்தார்கள். பதினான்கு வயது, பதினைந்து வயது. ஜெயித்துவிட்டு, "ஆன்ட்டி, உங்க பழைய ஆட்டமெல்லாம் மனப்பாடம்" என்பார்கள். ஆன்ட்டி புன்னகை செய்வாள்.

இவர் டிக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு முழங்கையை ஊன்றினார். கடிகாரத்தில் அவர் பக்கத்து முள் சின்னச் சிவப்புக் கொடியைத் தொடுவதற்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம். கொடி விழுந்தால் தோல்வி. எழுந்து போய்விடலாமா? மற்ற ஆட்டங்களில் எதிராளி யோசிக்கும்போது எழுந்து உலாத்துவாள், அடுத்த மேசையை எட்டிப் பார்ப்பாள். ஆனால் எழுந்து போனால், தப்பித்து ஓடுகிறாள் என்று இவருக்குத் தெரிந்துவிடும். உட்கார்ந்திருந்தால், வழக்கத்துக்கு மாறாக உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும். முகம் தெரிந்த ஒருவரோடு ஆடுவதைப் போலக் கொடுமை இல்லை. முகம் பழகுவதற்கு முந்தி ஆடியது எவ்வளவு சுகம். திருநெல்வேலிப் போட்டியில் அவளிடம் தோற்ற இந்த நாகர்கோவில்காரர், டெலிபோன் நிலையத்தில் வேலை பார்ப்பவர், அப்பாவிடம் வந்து, "உங்க மகள்கிட்ட தபால்ல ஒரு ஆட்டம் ஆடிக்கட்டுமா?" என்று கேட்டார். அப்பா யோசித்தார். கடிதம் என்றால் கூடாது, கார்டு என்றால் சரி, கார்டு ஊரே படிக்கும் என்றார். ஊரே படித்தது. ஒரு கார்டுக்கு ஒரு நகர்த்தல். அதன் கீழே இடம் இருந்தால் ஒரு வரி. இங்கே மழை. நேற்று எங்கள் தெருவில் ஒரு மாடு கன்று போட்டது. தபால்காரர் சுப்பையா கார்டை நீட்டும்போதே சொல்லிவிடுவார். "மாப்பிள்ளை குதிரையை எடுத்துட்டாரும்மா." யார் மாப்பிள்ளை என்று அவள் கேட்டதில்லை. தபால் ஆட்டத்தில் நாளை மிச்சப்படுத்த ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் இப்படி ஆடினால் நான் இப்படி ஆடுகிறேன் என்று அடுத்ததையும் சேர்த்து எழுதிவிடுவது. இருபத்தாறாவது கார்டில் எழுதியிருந்தார். நீங்கள் யானையை நகர்த்தினால் நான் சிப்பாயைத் தள்ளுகிறேன். நீங்கள் சரி என்றால் நான் ஐப்பசியில் அப்பாவை அழைத்து வருகிறேன். அன்றைக்கு சுப்பையா ஒன்றும் சொல்லவில்லை, கார்டைக் கவிழ்த்துக் கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். அவள் பதில் எழுதினாள். யானை நகர்ந்தது. ஐப்பசியில் இங்கே மழை. கார்த்திகையில் வாருங்கள். அந்த ஆட்டம் முடியவே இல்லை. கார்டுகள் அலமாரியில் கிடக்கின்றன. யார் ஜெயித்திருப்பார்கள் என்று இரண்டு பேரும் பார்த்ததில்லை.

பலகையில் நேருக்கு நேராக இவர் அவளை ஜெயித்ததும் இல்லை. அதை நினைக்கக் கூடாது. அதை நினைத்துத்தான் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் அந்தத் தப்பைச் செய்தாள். அங்கேயும் இப்படித்தான் கடைசிச் சுற்று, இப்படித்தான் ஒருவருக்கொருவர். அவளுக்கு ஜெயிக்கிற ஆட்டம். ஒரு சிப்பாயை ஓட்டிக்கொண்டு போனால் போதும். அரைப்புள்ளி கிடைத்தால் இவருக்கு மூன்றாம் பரிசு. காலையில் பழைய சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டே டிரா கேட்டாள். அவர் ஒரு நிமிஷம் பலகையைப் பார்த்துவிட்டுக் கையைக் கொடுத்தார். கோப்பையோடு ஊருக்கு வந்தார்கள். அன்றைக்கு இரவு அவள் கோமதிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது கூடத்தில் காய்களை வைக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக வைக்கும் சத்தம். பிறகு சிப்பாய் ஒன்று ஓடும் சத்தம். கட்டம் கட்டமாக. அதற்கப்புறம் சத்தம் இல்லை. மறுநாளிலிருந்து பதினோரு நாள் அவர் அவளிடம் கோபமாகப் பேசவில்லை. மரியாதையாகப் பேசினார். "காபி எடுத்துக்கிறீங்களா?" "மன்னிக்கணும், இந்தத் துண்டு உங்களுதா?" வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல அவளைக் கவனித்துக்கொண்டார். மாமியாரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள், மேலாளரிடம் வாங்கியிருக்கிறாள், அந்த 'நீங்க' போல ஒன்றும் வலித்ததில்லை. பன்னிரண்டாம் நாள், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார். "என்னை அடிச்சுப் போடு வல்லி. சந்தோஷமா விழுவேன். தூக்கி மட்டும் விடாதே." சரி என்றாள். அதற்குப் பிறகு ஏழு தடவை எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஐந்தில் அவரை அடித்துப் போட்டாள். இரண்டு நிஜமான டிரா. ஏழு தடவையும் நிம்மதியாகப் பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள்.

ஆகவே கண்ணைக் கொடுக்கக் கூடாது. ஒரு பார்வை அங்கே போய், அதை இவர் பிடித்து, அதனால் ஜெயித்தார் என்றால், அதுவும் தூக்கி விடுவதுதான். அதற்கு இவர் எத்தனை நாள் 'நீங்க' போடுவார் என்று சொல்ல முடியாது. இந்தத் தடவை சாகும்வரைக்கும் போடலாம். பார்க்காமலே போனால்? பார்க்காமல் போனால் அவள் போவாள், இவர் பையைத் தூக்கிக்கொண்டு வருவார், ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தருவார். என்றைக்காவது ஒரு ராத்திரி கூடத்தில் காய்களை வைத்துப் பார்ப்பார். குதிரையை எடுத்து முன்னால் வைப்பார், பக்கத்தில் வைப்பார், கடைசியில் வீட்டில் வைப்பார். அந்தச் சத்தத்தை அவள் கேட்க வேண்டியிருக்கும். பாருங்களேன், என்று மனசு கெஞ்சியது. பார்த்துவிடாதீர்கள், என்று அதே மனசு, அதே மூச்சில். எத்தனை பேரோடு ஆடியிருக்கிறாள், ஒருவருக்காகக்கூட இப்படி இரண்டு பக்கமும் உட்கார்ந்ததில்லை. வாழை மரத்துக்காரர்கள் வாசலில் கயிறு கட்டிக்கொண்டே குசுகுசுவென்று சண்டை போட்டார்கள். "எல, குலை வெளிய பாக்கணும்." "உள்ள பாத்தா என்ன, பழுக்காதா?" ஜெபராஜ் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு அவர்களை நோக்கி ஓடினார். அவள் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, இவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்.

பார்த்துவிட்டார். மடித்த டிக்கெட் கேட்பாரற்றுக் கிடந்தது. இவர் பலகைக்கு மேல் நன்றாகக் குனிந்து, மூக்கு ராணிமேல் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். நகர்த்தலை ஆடுவதற்கு முன்னால் ஆட்டத்தாளில் எழுதிப் பார்த்துக்கொள்வது இவர் பழக்கம். இடது கையால் தாளை மறைத்துக்கொண்டுதான் எழுதுவார். மறைத்தால் என்ன, பேனாவின் தலை ஆடுவது போதும் அவளுக்கு. மளிகைச் சாமான் எழுதும்போதே துவரம்பருப்பா உளுத்தம்பருப்பா என்று சொல்லிவிடுவாள். குதிரைக்கு உரிய ஆங்கில எழுத்து, மேலும் கீழுமாக மூன்று கோடு. அப்புறம் கீழே வால் சுழிக்கும் எழுத்து. அப்புறம் ஒற்றைக் கோடு, ஒன்று. அந்தக் கட்டமேதான். யாரும் சொல்லாமல், அவள் காட்டாமல். பின்னால் போகிற குதிரையைத் தானாகப் பார்த்த மனுஷன். மார்பு விம்மியது. தோற்கப் போகிறவளுக்கு இப்படியா இருக்கும்? சரி, போங்கள், போய் குளிரில் நடுங்குங்கள், ஸ்வெட்டர் நான் பின்னித் தருகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதே பேனா திரும்ப இறங்கியது. இடமிருந்து வலமாக ஒரே நீளக் கோடு. எழுதியதை அடித்துவிட்டார்.

ஏன்? தப்பாகத் தெரிந்ததா? தப்பில்லை, அவள் பத்துத் தடவை சரிபார்த்தாகிவிட்டது. இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பலகையைப் பார்க்கவில்லை. அவள் இருந்த பக்கமாக, எங்கேயோ தூரத்தில் பஸ் வருகிறதா என்று பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் யோசனை இல்லை, கனிவுதான் இருந்தது. கோமதி தூங்கும்போது போர்வையை இழுத்துவிடுகிறவரின் முகம். அவளுக்குப் புரிந்தது. இவர் ஆட்டத்தை யோசிக்கவில்லை. பொதுப் போட்டிக்கு ஒரு தடவையும் போகாதவளை யோசிக்கிறார். மதுரைச் சட்டைக் காலரை அவள் பார்த்த மாதிரி, இவர் அவளிடத்தில் ஏதோ ஒரு தையலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவருடைய வலது கை மெல்லக் கிளம்பித் தன் யானைப் பக்கம் போயிற்று. யானையை நகர்த்தினால் ஒன்றும் இல்லை, டிராதான், அவள் போவாள். தொட்டால் ஆடியாக வேண்டும். கை இன்னும் தொடவில்லை. பதினான்கு வருஷத்துக்குப் பிறகு, கூடத்தில் காய்களை வைத்து உட்கார்ந்திருந்தவருக்கு அன்றைக்கு எங்கே வலித்தது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. தோற்றால் வலிக்காது. பெரிய மனசு பண்ணினால் வலிக்கும். வேண்டாம், என்னைத் தூக்கி விடாதீர்கள். எதிராளியோடு பேசக் கூடாது. சைகை காட்டக் கூடாது. அவளிடம் இருந்தது அவள் கண் மட்டும். அதை எடுத்து, இத்தனை நேரம் காபந்து பண்ணி வைத்திருந்ததை, நேராக அந்தக் கட்டத்தில் வைத்தாள். வெறுமையாக இருந்த, அந்தக் குதிரை காலையில் புறப்பட்ட கட்டம். நானும் பார்த்துவிட்டேன். நீங்கள் ஆடாவிட்டால் எனக்குத் தெரியும். கண் சிமிட்டாமல் பார்த்தாள். பார்க்கிறேன் பாருங்கள் என்று பார்த்தாள். கண்ணில் நீர் கோத்து, கட்டம் மிதந்தது.

யானைக்கு மேல் நின்ற கை திரும்பியது. பேனாவை எடுத்து, அடித்ததற்குக் கீழே எழுதியது. மூன்று கோடு, வால், ஒற்றைக் கோடு. பிறகு குதிரையின் காதைப் பிடித்துத் தூக்கி, பின்னால் கொண்டுபோய், கொட்டிலில் கட்டுகிற மாதிரி அந்தக் கட்டத்தில் வைத்து, கடிகாரத்தை அழுத்தினார். அவள் பக்கத்து முள் ஓட ஆரம்பித்தது.

அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டாள். அடித்துப் போடு என்று சொன்னவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை ஒன்று உண்டு. தப்பிக்க வழி இருக்கிறதா என்று முப்பது நிமிஷம் நிஜமாகவே தேடினாள். ஒரு இடத்தில் இருந்த மாதிரி இருந்தது, இல்லை. மூன்று நகர்த்தல் ஆடிப் பார்த்தாள். நாலாவதற்குக் கையைக் கொண்டுபோனவள் பாதியில் திருப்பிக் கடிகாரத்தை நிறுத்தி, அதே கையை அவர் முன்னால் நீட்டினாள். அவர் கை ஈரமாக இருந்தது. பக்கத்து மேசை மதுரைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். வீடு திரும்பிய குதிரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது பேசி வச்சு வராது அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு தாள்களிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தாளில் அந்த அடித்த வரி தெளிவாக இருந்தது. அவள் அதன்மேல் விரலை வைத்தாள்.

"ஏன் அடிச்சீங்க?"

"நீ போகட்டும்னு ஒரு நிமிஷம் தோணிச்சு."

"அப்புறம்?"

"பதினோரு நாள் உன்னால பேசாம இருக்க முடியாது. செத்துப் போவே."

அவள் சிரித்தாள். "அதுக்கா? நான் முறைச்சுப் பாத்ததுக்குப் பயந்துன்னு நெனச்சேன்."

"எங்க முறைச்சே?"

"அந்தக் கட்டத்தைத்தான். நீங்க யானையைத் தொடப் போனப்ப. கண்ணு வலிக்கப் பாத்தேனே, என்னையே பாத்துட்டிருந்தீங்களே."

அவர் மேசையைத் தடவிக் கண்ணாடியைத் தேடினார். மடித்த டிக்கெட் கையில் அகப்பட்டது, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கண்ணாடி இல்லாட்டா பலகைக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியாதே வல்லி. நீ வெறும் நீலப் புடவை. அதுக்குத்தான கழட்டுறது."

"எதுக்கு?"

"நல்லதா ஒண்ணு ஆப்பிட்டா உடனே உன் முகத்தைப் பாக்கத் தோணும், சரிதானான்னு. பாத்தாச் சொல்லிரும் உன் முகம். மதுரைக்கு அப்புறம் உன்கிட்ட ஆடுறப்ப எல்லாம் கழட்டிருவேன், கேட்டியா."

அவள் பேனாவை வாங்கி, அடித்த வரிக்குக் கீழே தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள். வாசலில் வாழை மரம் நின்றுவிட்டது. குலை வெளியே பார்த்திருந்தது. ஜெபராஜ் கையைத் தட்டி, மேசைகளை ஒழிக்கச் சொல்லி எல்லோரையும் விரட்டிக்கொண்டு வந்தார். இவர் கண்ணாடியைத் துண்டால் துடைத்து, ஒரு காதில் மாட்டி, மறுகாதில் மாட்டி, அன்றைக்கு முதல் தடவையாகப் பார்ப்பவர் போல அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னட்டி இது," என்றார், "இடது காது இப்படிச் செவந்து கெடக்கு."